கரையேறும் நேரத்தில் என்ன லக்னம்

அந்திப்பொழுது என் சொந்தச் சொத்து என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டால் அம்மா ஒரே பதில்தான் சொல்வாள். "கரையேறுற நேரம்." நடவு வயலில் குனிந்து நின்ற பெண்கள் வேலை முடித்துச் சேற்றை விட்டு வரப்புக்கு ஏறுவதை எங்கள் பக்கத்தில் கரையேறுவது என்போம். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அவர்கள் மூன்று மணி வெயிலிலேயே ஏறிவிடுவார்கள். அதனால் அம்மா கூடவே ஒரு திருத்தமும் சொல்வாள். "இப்ப மாதிரி இல்லடி. அப்பல்லாம் பொழுது எறங்குனாத்தான் ஏற விடுவாங்க."

ஆக, நான் அந்தியில் பிறந்தவள். சிறுவயதில் புரட்டாசி மாதம் வந்தால் சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் போய்த் தனியாக நிற்பேன். நாற்று நட்ட வயல் பூராவும் தண்ணீர் நிற்கும். வானத்துச் சிவப்பு அதில் இறங்கி, மேலே எது கீழே எது என்று தெரியாமல் போகும். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டால் எங்கேயோ பெண்கள் குலவையிடுவது கேட்கும். அதற்கு நடுவில் ஒரு பச்சைக்குழந்தை அழும். அது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒரு நாள் அந்த வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அப்பா, "என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

"நான் பொறந்துக்கிட்டு இருக்கேம்ப்பா."

"நல்லாப் பொற. பொறந்து முடிச்சிட்டு வந்து சோறு தின்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கருப்புச் சட்டைக்காரர். சாமி இல்லை, சாதி இல்லை, ஜாதகம் இல்லவே இல்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எல்லாருக்கும் போட்ட மாதிரி ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டார். அதைப் பற்றி அப்பாவுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "பொறந்ததுக்கு நீயே சாட்சி, வேற என்ன வேணும்?" என்பார். நான் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா தன் தாய்வீட்டுக்கு, முத்துப்பேட்டை போகும் வழியில் உள்ள கிராமத்துக்குப் போயிருந்தாள். அறுபத்தேழில் ஆட்சி மாறுவதற்கு முந்தின காலம். கூலிக்கும் வேலை நேரத்துக்கும் ஊருக்கு ஊர் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரைப் பற்றி அம்மா அதிகம் பேசமாட்டாள். போவதும் இல்லை. கேட்டால், "அங்க இப்ப யாரு இருக்கா?" என்று முடித்துவிடுவாள்.

இந்த நேரம் காலம் எல்லாம் எனக்குத் தேவைப்படும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கணக்கு டீச்சராக வேலைக்குப் போனேன். அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவர் ஒருவர். மழை பெய்தால் ஜன்னலைச் சாத்த மறந்து நிற்கிற ஆள். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சும்மா இல்லை, ராத்திரி கண்ணை மூடினால் அந்த ஜன்னலும் மழையும் அவர் முதுகும்தான் வரும். கட்டினால் அவரைத்தான் என்று வீட்டில் சொன்னேன். எங்களைப் போலவே அவர்களும் ஒரு காலத்தில் வயல் வேலைக்குப் போன குடும்பம். சாதியில் இடைஞ்சல் இல்லை. அப்பாவுக்கு ஏக சந்தோஷம். "மாலைய மாத்திக்கிட்டு மைக்குல நாலு பேர் பேசினா முடிஞ்சுது கல்யாணம்" என்றார்.

அவருடைய அம்மா முடியாது என்றார். திருத்துறைப்பூண்டி தாண்டிக் கடைமடையில் இருந்தது அவர்கள் ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக் குடியிருப்பு வரைக்கும் வந்தார். அகலமான கை, வெயிலில் கறுத்த முகம். என்னை உட்காரவைத்து நேராகப் பேசினார்.

"ஒன்ன எனக்குப் புடிச்சிருக்கு ஆயி. ஆனா மூத்தவனுக்குப் பொருத்தம் பாக்காம முடிச்சேன். வருஷம் திரும்புறதுக்குள்ள போயிட்டான். அந்தப் பொண்ணுக்குச் செவ்வா இருந்துச்சுன்னு அப்புறம் சொல்றாங்க. இருந்துச்சோ இல்லியோ, எனக்குத் தெரியாது. மிச்சம் இருக்குறது இவன் ஒருத்தன்தான். ஒன் கட்டத்தக் கொண்டா. சுத்தமா இருந்தா நாளைக்கே முடிக்கிறேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. படித்தவள், கணக்கு சொல்லித் தருகிறவள், என்னிடம் வந்து கட்டமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் 'மிச்சம்' என்று சொல்லும்போது அந்த அம்மாளின் கை புடவை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் என்ன நியாயம் பேசுவது? சரி அத்தை, கொண்டு வருகிறேன் என்றேன்.

இல்லாத ஜாதகத்துக்கு எங்கே போவது? அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருத்துறைப்பூண்டியில் ஒரு ஜோசியரிடம் போனேன். அப்பா வாசல் வரைக்கும் வந்து, "அந்தாளு ஒன் பொறந்த நேரத்தக் கண்டுபுடிச்சா எனக்கும் ஒண்ணு கண்டுபுடிக்கச் சொல்லு. எனக்குந்தான் தெரியாது" என்று கத்தினார்.

ஜோசியர் வழுக்கைத் தலையும் முழுக்கைச் சட்டையுமாக ஆபீஸர் மாதிரி இருந்தார். அறையில் இன்னும் பலபேர் முறைக்குக் காத்திருந்தார்கள். நாளைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. புரட்டாசிக் கிருத்திகைக்கு மறுநாள் என்று அம்மா அடித்துச் சொன்னாள். வருஷமும் தெரியும். அவர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி என்றார். "ராசி நாளப் பொறுத்தது. அது கெடச்சிருச்சு. லக்னம் நேரத்தப் பொறுத்தது. பொறந்த நிமிஷத்துல கெழக்க எந்த ராசி எழும்புதோ அதுதான் லக்னம். ரெண்டு மணிக்கு ஒருக்கா மாறிக்கிட்டே இருக்கும். நேரம் சொல்லுங்க."

"கரையேறுற நேரம்" என்றாள் அம்மா.

"அந்தக் காலத்துல அது பொழுது எறங்குற நேரம்ல?"

அம்மா தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில் பேசுவதைக் கேட்பது மாதிரி இருக்கிறது. பிறந்த இடத்தில் எத்தனை பெண்கள்? பெற்றவளின் தலை எந்தத் திசையில்? பிள்ளை உடனே அழுததா? கொடி சுற்றியிருந்ததா? நேரம் தெரியாதவர்களுக்கு இப்படித்தான் கேட்டுக் கேட்டு லக்னத்தை நெருங்குவார்களாம்.

"எத்தனை பேருன்னு எங்க எண்ணுறது? நடவாளு பூரா நின்னாங்க" என்றாள் அம்மா.

"வெட்டவெளியிலயா?"

"வாய்க்கா மேட்டுல."

"தண்ணிக்குப் பக்கம். அப்ப ஜல ராசி. மீன லக்னம் சரியா வருது பாருங்க" என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீனத்துல பொறந்தவங்க சாதுவா இருப்பாங்க. அதிர்ந்து பேசமாட்டாங்க."

"அப்ப இவ மீனம் இல்ல" என்றாள் அம்மா.

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஜோசியர் சிரிக்கவில்லை. கட்டம் போட்டு, துலாத்தில் செவ்வாயை எழுதினார். விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார். லக்னத்திலிருந்து இரண்டு, நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டாம் வீட்டில் செவ்வாய் நின்றால் தோஷம் என்று எனக்கு விளக்கினார். "மீனத்துக்குச் செவ்வாய் எட்டுல நிக்குது. பொண்ணுக்கு எட்டுல செவ்வாய்னா புருசனுக்கு ஆகாது. சரி, இன்னும் கொஞ்சம் இருட்டிப் பொறந்ததா வச்சுக்குவோம். மேஷமாயிரும். அதுக்கு ஏழுல நிக்குது. அதுவும் தோஷம். அந்தியில பொறந்தா எப்புடிப் போனாலும் முட்டுது."

நானும் ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாதவள் ஏன் எண்ண வேண்டும் என்று கேட்காதீர்கள். கடைமடையில் ஒரு அம்மாள் புடவை நுனியை முறுக்கிக்கொண்டு காத்திருக்கிறார். இதை எப்படிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பது?

அம்மா வெகுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "ஏங்க, வெயில் நேரத்துல பொறந்திருந்தா?" என்று கேட்டாள்.

"மதியத்துக்கு மேல, நாலு நாலரைக்குள்ளன்னா மகரமோ கும்பமோ. செவ்வாய் பத்துல வரும், இல்ல ஒம்போதுல வரும். ரெண்டும் சுத்தம்." சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கி அம்மாவைப் பார்த்தார். "ஆனா நம்ம சௌகரியத்துக்கு நேரத்த நகத்தலாம், கிரகம் நகராதும்மா."

காத்திருந்தவர்கள் எல்லாரும் அம்மாவையே பார்த்தார்கள். அவள் தட்சிணையை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

செய்தி கேட்டுத் தமிழ் வாத்தியார் ஓடி வந்தார். "ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவோம், அம்மா பின்னாடி சமாதானமாயிடுவாங்க" என்றார். நான் மாட்டேன் என்றேன். அவருக்கு ஒரு தலைவலி வந்தால்கூட அந்த அம்மாள் என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையோடு என்னால் குடித்தனம் பண்ண முடியாது. அவர் போன பிறகு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். என் அந்திப்பொழுதே என்னை இப்படிக் காலை வாரிவிடும் என்று யார் நினைத்தது?

ஒரு வாரம் போயிருக்கும். விடுமுறை நாள். வாய்க்கால் படித்துறையில் அம்மாவும் நானும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். மதியம் சாய்ந்து, வெயில் தண்ணீரில் உடைந்து கண்ணைக் கூசவைத்தது. எதிர்க்கரை வயலில் நடவாட்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். சேறு வழியும் காலோடு ஒவ்வொருத்தியாக வரப்பில் ஏறி, இடுப்பை நிமிர்த்தி நின்றார்கள். அம்மா துவைப்பதை நிறுத்திவிட்டாள்.

"இதே நேரந்தான்" என்றாள்.

"எது?"

"நீ பொறந்தது. இந்த மாதிரிதான் வெயில் கண்ணக் குத்துச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நிறைமாதத்திலும் அவள் நடவுக்குப் போனாள். போகாவிட்டால் வீட்டுக்கே வேலை கிடையாது. மதியக் கஞ்சி குடித்துவிட்டு மறுபடி இறங்கினதும் வலி எடுத்துவிட்டது. மிராசுதாரின் காரியக்காரர், வேலையை மேற்பார்க்கிறவர், வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பொழுது இறங்காமல் யாரும் ஏறக் கூடாது என்றார். வலி வந்தவளும்தான். அம்மா முனகிக்கொண்டு இன்னும் ஒரு கட்டு நாற்றை நட்டாளாம். அப்போது அவளுடைய அக்கா, என் பெரியம்மா, கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கிக்கொண்டு கரையேறினாள். அதைப் பார்த்து அடுத்தவள் ஏறினாள். பிறகு நடவு வரிசை மொத்தமும் ஏறிவிட்டது.

"மேட்டுல ஒரு பொட்டு நெழல் இல்ல. வெயில் மூஞ்சியில அடிக்குது. எங்கக்கா நேராப் போயி காரியக்காரர் கையில இருந்த கொடையப் புடுங்கிட்டு வந்து எனக்கு மேல புடிச்சா. அந்தக் கொடைக்கு அடியிலதாண்டி நீ பொறந்த."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. "இத ஏம்மா ஜோசியர்ட்ட சொல்லல? இத்தன வருஷமா ஏன் அந்தி அந்தின்ன?"

அம்மாவின் முகம் மாறிவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கே வேலை இல்லை என்று பண்ணையில் சொல்லிவிட்டார்களாம். பெரியம்மாவை ஆள் வைத்து அடித்தார்கள். நண்டும் நத்தையும் பிடித்து, வயக்காட்டுக் கீரையைப் பறித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பச்சை உடம்போடு கிடந்த அம்மாவைப் பார்க்க வந்த ஒரு கிழவி, என்னைக் காட்டி, "பொறந்த நேரத்தப் பாரு, ஊரையே பட்டினி போட்டுருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அப்பா ஊருக்கு வந்துவிட்டாள். அதற்குப் பின்னால் அங்கே என்ன ஆனது என்று விசாரிக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பெரியம்மாவும் ஒன்றிரண்டு வருஷத்தில் இறந்துபோனதாகச் சேதி மட்டும் வந்தது.

"முழு நாள் வேலையும் பாத்துட்டு, எல்லாரும் கரையேறுனப்பறந்தான் பெத்தேன்னு சொல்லிட்டா, ஒன்ன யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாதுல்ல?" என்றாள் அம்மா. "அப்புடிச் சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நெசம்னு ஆயிப்போச்சு."

நான் ஈரக்கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது லக்னமும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் போலிருந்தது. ஆனால் அம்மா எழுந்துவிட்டாள். "வா, அந்த அம்மாட்ட நானே சொல்றேன். ஊரைப் பட்டினி போட்டவன்னு அவங்க நெனச்சா நெனைக்கட்டும். புருசனக் கொன்னுருவான்னு நெனைக்கிறதுக்கு இது தேவலாம்."

மறுநாள் கடைமடைக்குப் போனோம். பஸ் ஜன்னலில் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் வீட்டில் இல்லை. அவருடைய அம்மா கூடத்தில் பாய் போட்டு எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். அம்மா மோரைத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டே ஆரம்பித்தாள். "அண்ணி, கல்யாணத்துக்காக நேரத்த மாத்திச் சொல்றேன்னு நெனச்சாலும் சரி. இவ வெயில்ல பொறந்தவ." நாற்று, வலி, அக்கா கரையேற்றியது எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அம்மா குடையைச் சொன்னாள்.

"எந்த ஊருன்னீங்க?" என்று கேட்டார் அவர்.

அம்மா ஊரைச் சொன்னாள்.

"காரியக்காரர் கொடையப் புடுங்குன ஊரா?" அவர் எழுந்தே நின்றுவிட்டார். "யாரோ ஒரு புள்ளத்தாச்சிக்காக வெயில்லயே நடவு பூரா கரையேறிட்டாங்கன்னு வாய்க்கா வழியா ஊரு ஊருக்குச் சேதி வந்துச்சே! அது நீங்களா?"

அம்மா பயந்துபோய்த் தலையை ஆட்டினாள். "என்னாலதான் அவங்கல்லாம் பட்டினி கெடந்தாங்க."

"யாரு சொன்னா? அந்தச் சேதி வந்த வாரமே நாங்களும் ஏறிட்டோம். எங்களுக்கும் வேல இல்லன்னாங்க. நாத்து நாத்தங்கால்லயே முத்திப்போச்சு. நடாமப் போனா வெளச்சல் போயிருமேன்னு மிராசுதாருக்குத்தான் வயித்தக் கலக்குச்சு. கடைசியில வந்து கூப்பிட்டாங்க. வெயில் சாஞ்சாக் கரையேறிக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ஒங்க ஊருலயுந்தான்! ஒங்களுக்குத் தெரியாதா?"

அம்மாவுக்குத் தெரியாது. அவள்தான் அதற்குள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாளே.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த அகலமான கையை என் தலையில் வைத்தார். "இவன் அப்பத்தான் கைப்புள்ள. வரப்போரத்துல பூவரச மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு எறங்குவேன். பால் கட்டிக்கிட்டு மார் வலிக்கும். அவன் கத்துறது காதுல கேக்கும். ஆனா பொழுது எறங்காம ஏற முடியாது. அழுது அழுது தொண்ட வறண்டு தூங்கிப்போவான். அந்த ஏற்பாடு வந்தப்பறந்தான் இவன் பகல்ல மார்ல பால் குடிச்சான். இவன் பசியாறுனதே ஒன்னாலதான் ஆயி."

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் ஜோசியர்ட்ட ஒரு வார்த்த சொல்லி, சுத்தமா எழுதி வாங்கிருவோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதி வாங்கினோம். அந்த ஆள் கும்பம் என்று போட்டார். மகரமாகவும் இருக்கலாம் என்று சின்ன எழுத்தில் ஓரத்தில் எழுதியிருந்தார். இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்று மைக்கில் அப்பா பேசின பேச்சில் ஜோசியமே ஒழிந்துபோயிருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை.

கடைமடையிலிருந்து அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்தான் எனக்குத் திரும்பத் திரும்பக் கனவில் வருகிறது. வெளியே அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. அது இனி என் பொழுது இல்லை. தண்ணீரில் சிவப்பு பரவுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் தூங்கவில்லை. எங்கள் ஊர் வரைக்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, யாரோ முதல்முறையாக வந்து சொல்லிவிட்டுப் போனதைப் போல, "பால் குடிச்சுச்சாம்டி அந்தப் புள்ள" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.